விக்டோரியா காலத்துக் கடைவீட்டை அறிந்து பேணும் முறை

இங்கிலாந்தின் பழைய நகரங்களில் கடைத்தெரு என்பது பெரும்பாலும் கடைவீடுகளின் வரிசைதான். கீழ்த்தளத்தில் கடை, அதற்கு மேல் இரண்டு அல்லது மூன்று தளங்களில் கடைக்காரரின் குடும்பம், கூரைக்கடியில் வேலையாட்கள், தரைக்கடியில் சரக்கு வைக்கும் நிலவறை என்ற அமைப்பில், விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலமான 1837 முதல் 1901 வரை கட்டப்பட்ட இவற்றுள் கணிசமானவை இன்று சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. லண்டனிலும் பிற நகரங்களிலும் கடையோ உணவகமோ தொடங்கும் தமிழர்கள், தாம் குத்தகைக்கு எடுக்கும் கட்டடம் அத்தகையது என்பதைப் பல நேரங்களில் கையெழுத்திட்ட பிறகுதான் அறிகிறார்கள். அத்தகைய கட்டடம் ஒன்றை வாங்கவோ, குத்தகைக்கு எடுக்கவோ, பழுதுபார்க்கவோ முனைபவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

முறை ஒன்றுதான்: கட்டடத்தை மேலிருந்து கீழே படிக்க வேண்டும். வணிகம் மாறும்போதெல்லாம் கீழ்த்தளத்தின் முகம் மாற்றப்படுகிறது. மேல்தளங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதாலேயே அவை பெரும்பாலும் கட்டிய நிலையில் எஞ்சுகின்றன. ஆகவே கட்டடத்தின் வயதை வீடு சொல்லும். அது பட்ட பாட்டைக் கடை சொல்லும். இரண்டுக்கும் ஒரே வயது என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதே பல சேதங்களுக்கு மூலகாரணம்.

பட்டியலைப் படித்தல்

கட்டடத்தின் முன் போய் நிற்பதற்கு முன்னரே, அது எந்தத் தரத்தில் பட்டியலிடப்பட்டுள்ளது என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் இந்தப் பட்டியலை ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற பொது அமைப்பு பராமரிக்கிறது. முகவரியைக் கொண்டு இணையத்தில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். தரம் ஒன்று, தரம் இரண்டு நட்சத்திரம், தரம் இரண்டு என்று மூன்று படிகள் உள்ளன. பட்டியலில் உள்ளவற்றுள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை தரம் இரண்டைச் சேர்ந்தவை. கடைவீடுகளும் பெரும்பாலும் அந்தத் தரத்தில்தான் இருக்கும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பட்டியல்களும் சட்டங்களும் இருப்பதால், இங்கே சொல்லப்படும் சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும்.

1850க்கு முன் கட்டப்பட்டு ஓரளவு பழைய நிலையில் இருக்கும் கட்டடங்கள் பெரும்பாலும் பட்டியலில் இடம்பெற்றுவிடுகின்றன. அதற்குப் பிந்தியவை எண்ணிக்கையில் மிகுதி என்பதால் தெரிந்தெடுத்தே சேர்க்கப்படுகின்றன. எனவே 1870களில் கட்டிய கடைவீடு ஒன்று பட்டியலில் இருந்தால், அதற்குக் குறிப்பான காரணம் ஒன்று இருக்கும். பல நேரங்களில் அந்தக் காரணம், தெருவில் மற்றவர்கள் பெயர்த்தெறிந்துவிட்ட மரக் கடைமுகப்பு அங்கே மட்டும் தப்பிப் பிழைத்திருப்பதுதான். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. ஏனெனில் நீங்கள் கேட்கப்போகும் அனுமதிகள் எல்லாம் அதைச் சுற்றியே முடிவாகும்.

பழைய பட்டியல் குறிப்புகள் நான்கைந்து வரிகளுக்கு மேல் இருப்பதில்லை. தளங்களின் எண்ணிக்கை, செங்கல்லின் நிறம், சன்னல் வகை, கூரை ஓடு ஆகியவற்றைத் தந்திபோல் சுருக்கிச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அவை கட்டடத்தை அடையாளம் காண்பதற்காக எழுதப்பட்டவை. பாதுகாப்பின் எல்லையைச் சொல்வதற்காக அல்ல. குறிப்பில் ஒரு சொல்கூட இல்லாத மாடிப்படியும், கணப்பும், பின்சுவரும் அதே அளவு பாதுகாப்புக்குரியவை. பின்முற்றத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே கட்டடத்தைச் சேர்ந்து நிற்கும் குதிரைலாயமோ பட்டறையோ இருந்தால், அதுவும் பொதுவாக உள்ளடங்கும். 2013இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பின் எழுதப்பட்ட குறிப்புகளில் மட்டும், இன்ன பகுதிக்குப் பாதுகாப்பு இல்லை என்று வெளிப்படையாக விலக்கியிருக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் இன்றைய அடிப்படை 1990ஆம் ஆண்டின் சட்டம். கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை ஒப்புதல் பெறாமல் செய்வது குற்றம். இரண்டாண்டு வரை சிறையோ, வரம்பற்ற அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இதைவிடக் கவனிக்க வேண்டியது, முந்தைய உரிமையாளர் செய்த ஒப்புதலற்ற மாற்றத்தைச் சரிசெய்யும்படி இன்றைய உரிமையாளருக்கு உத்தரவிட உள்ளூர் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்பதும், அதற்குக் கால வரம்பு இல்லை என்பதும்தான்.

விக்டோரியா காலக் கட்டடங்களுக்கு இந்த மதிப்பு எளிதில் கிடைத்ததல்ல. அளவுக்கு மீறிய அலங்காரம் என்று அவை நெடுங்காலம் இகழப்பட்டன. அவற்றைக் காக்க விக்டோரியன் சொசைட்டி 1958இல் லண்டன் கென்சிங்டனில், பஞ்ச் நகைச்சுவை இதழின் ஓவியர் லின்லி சாம்போர்ன் வாழ்ந்த ஸ்டாஃபர்ட் டெரஸ் வீட்டில் தொடங்கப்பட்டது. அதற்குப் பிறகும்கூட யூஸ்டன் ரயில் நிலையத்தின் பெரிய வளைவு வாயிலை இடித்துத் தள்ளினார்கள். சாம்போர்ன் வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. கடைவீட்டின் மேல்தளங்கள் நல்ல நிலையில் எப்படி இருந்திருக்கும் என்பதைச் சற்று வசதியான அளவில் காண விரும்புபவர் அங்கே ஒருமுறை சென்று வருவது நல்லது.

எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து

கட்டடத்தை முதலில் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து, ஒரு சாதாரணத் தொலைநோக்கியோடு பார்க்க வேண்டும். கூரையில் தொடங்குங்கள். புகைபோக்கியின் உச்சியில் உள்ள சுடுமண் குழாய்களை எண்ணினால், உள்ளே எத்தனை கணப்புகள் இருந்தன என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஒவ்வொரு கணப்புக்கும் தனிப் புகைவழி, ஒவ்வொரு வழிக்கும் ஒரு குழாய் என்பதே வழக்கம். பொதுச்சுவரில் நிற்கும் புகைபோக்கியைப் பக்கத்து வீடும் பகிர்ந்துகொள்வதால் எண்ணிக்கையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உள்ளே போன பிறகு கணப்புகளின் எண்ணிக்கை குறைந்தால், எங்கோ ஒரு பலகைக்குப் பின்னால் ஒன்று மூடிக் கிடக்கிறது என்று பொருள்.

கூரைமேல் இருப்பது பெரும்பாலும் வேல்ஸ் மலைகளில் வெட்டிய ஸ்லேட் ஓடு. ரயில்பாதைகள் பரவியதும் அது நாடெங்கும் மலிவாகக் கிடைத்து, உள்ளூர் ஓடுகளைப் பின்னுக்குத் தள்ளியது. லண்டனில் நூற்றாண்டின் முற்பாதியிலும் நடுப்பகுதியிலும் கட்டிய வீடுகளில் தெருவிலிருந்து கூரையே தெரியாது. முன்புறக் கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் இரண்டு சரிவுகள் நடுவை நோக்கி இறங்கி, ஈயத் தகடு பதித்த ஒற்றை நீரோடையில் சேரும். அந்த நடுநீரோடை அடைத்துக்கொண்டால் மழைநீர் நேரே வீட்டின் நெஞ்சுக்குள் இறங்கும் என்பதால், வாங்குமுன் அதை நேரில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சன்னல்கள். மேலும் கீழும் நகரும் இரு சட்டங்களால் ஆன மரச் சன்னலே இக்காலத்தின் பொது வழக்கம். 1845இல் கண்ணாடி மீதான வரியும், 1851இல் சன்னல் வரியும் நீக்கப்பட்டதும், பெரிய கண்ணாடிகள் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டின. அதன் விளைவைச் சன்னலிலேயே காணலாம்: ஒவ்வொரு சட்டத்திலும் ஆறு சிறு கண்ணாடிகள் இருந்தால் பழைய மரபு, இரண்டு இருந்தால் நூற்றாண்டின் நடுப்பகுதி, ஒரே கண்ணாடி இருந்தால் பெரும்பாலும் பிற்பகுதி. சிறிய ஊர்களில் பழைய வழக்கம் இன்னும் சில பத்தாண்டுகள் நீடித்தது. கண்ணாடியைத் தாங்கிய குறுக்குக் கம்பிகள் குறைந்தபோது எடை முழுவதும் சட்டத்தின் மூலைப் பொருத்துகளில் விழுந்ததால், மேல்சட்டத்தின் பக்கக் கட்டைகளைக் கீழ்நோக்கிச் சற்றே நீட்டி வளைவாகச் செதுக்கினார்கள். அந்தச் சிறு கொம்புகள் விக்டோரியா காலத்தின் நல்ல அடையாளம். ஆறு கண்ணாடிச் சட்டத்தில் அவை இருந்தால், சன்னல் பிற்காலத்தில் மாற்றப்பட்டதாக இருக்கக்கூடும்.

கண்ணாடியையே நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் நின்று, அதில் விழும் எதிர்வீட்டின் பிம்பத்தைப் பாருங்கள். சுழற்றித் தட்டாக்கிய பழைய கண்ணாடியில் பிம்பம் வில்லாக வளையும். உருளையாக ஊதி, நீளவாக்கில் வெட்டி, விரித்துத் தட்டையாக்கிய கண்ணாடியில் மெல்லிய அலைபோல நெளியும். 1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சிக்காகக் கட்டிய கண்ணாடி மாளிகைக்குப் பர்மிங்காமுக்கு அருகிலிருந்த சான்ஸ் சகோதரர்களின் ஆலை வழங்கியது இந்த இரண்டாவது வகைதான். நெளியாமல் அசையாமல் நின்றால் அது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டுக் கண்ணாடி. நெளியும் கண்ணாடி உடையாமல் இருப்பதே அரிது என்பதால், அதை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றி எறிய இடம்கொடுக்காதீர்கள்.

பிறகு செங்கல். ஒரே வரிசையில் நீளமுகமும் குறுமுகமும் மாறிமாறித் தெரிந்தால், அது முழுத் திண்மையான சுவர். குறைந்தது 9 அங்குலக் கனம் இருக்கும். நீளமுகம் மட்டுமே தெரிந்தால், நடுவில் இடைவெளி விட்ட இரட்டைச் சுவராகவோ, பின்னர் திருத்திக் கட்டிய பகுதியாகவோ இருக்க வாய்ப்புண்டு. 1784 முதல் செங்கல்லுக்கு இருந்த வரி 1850இல் நீக்கப்பட்ட பிறகு, சிவப்புச் சுவருக்குள் மஞ்சளும் கருப்புமான பட்டைகளைக் கட்டும் பழக்கம் பரவியது. சன்னல் வளைவுகளின் மேல் நிறம் மாற்றி அடுக்கிய கற்களைக் கண்டால் 1850களுக்குப் பின் என்று துணிந்து சொல்லலாம்.

செங்கற்களுக்கிடையே உள்ள சாந்தைச் சாவியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வெளிர்நிறத்தில், வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தென்பட்டு, சற்றே உதிர்ந்தால் பழைய சுண்ணாம்புச் சாந்து. கருஞ்சாம்பல் நிறத்தில் கல்லாக இறுகியிருந்தால் யாரோ பின்னாளில் சிமெண்ட் வைத்துப் பூசியிருக்கிறார்கள். திண்மைச் சுவர் மழையை உறிஞ்சி, வெயிலிலும் காற்றிலும் சாந்தின் வழியாக வெளியேற்றி உயிர்வாழ்கிறது. அந்த வழியைச் சிமெண்ட் அடைத்துவிட்டால் ஈரம் செங்கல்லின் முகம் வழியாக வெளியேற முயலும். குளிர்காலத்தில் அது உள்ளேயே உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் செதில்செதிலாக உதிரும். கீழே நடைபாதையில் சிவப்புத் தூள் கிடந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

கடைமுகப்பு

இப்போது தெருவைக் கடந்து வாருங்கள். விக்டோரியா காலக் கடைமுகப்பு, கோயில் மண்டபத்தின் முகத்தைப் போல முறையான உறுப்புகள் கொண்டது. இரு ஓரங்களிலும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள்; அவற்றின் தலையில் செதுக்கிய போதிகைகள்; போதிகைகளுக்கு இடையில் பெயர்ப்பலகை; அதற்கு மேல் மழைநீரை வெளியே தள்ளும் கொடுங்கை; கீழே கண்ணாடிக்கும் நடைபாதைக்கும் இடையில் முழங்கால் உயர அடித்தடுப்பு; நடுவிலோ ஓரத்திலோ உள்வாங்கிய வாசல். ஒரு தச்சர் இவற்றை எவ்வளவு எளிமையாகச் செய்திருந்தாலும் இந்த ஒழுங்கு மாறுவதில்லை.

ஒவ்வோர் உறுப்புக்கும் வேலை உண்டு. போதிகை உங்கள் பெயர்ப்பலகை முடியும் இடத்தையும் அடுத்த கடையினுடையது தொடங்கும் இடத்தையும் பிரிக்கிறது. நடைபாதையில் நிற்பவர் படிக்க வசதியாகப் பலகையை முன்னோக்கிச் சாய்த்து வைத்திருப்பது பிற்காலப் பாணி. கொடுங்கையின் மேல் ஈயத் தகடு மூடியிருக்க வேண்டும். அது விரிசல் விட்டால் பலகையின் பின்பக்கம் மெல்ல மக்கும். பலகையை ஒட்டிய நீளமான மரப்பெட்டிக்குள் துணிப் பந்தலின் உருளை இருக்கலாம். இரும்புக் கைகள் துருப்பிடித்திருந்தாலும் பெரும்பாலும் சீராக்கிவிட முடியும். கண்ணாடியின் மேல்வரிசையில் சிறு துளைகள் இட்ட தகடுகளைக் கண்டால் அவற்றை அடைக்கக் கூடாது. எரிவாயு விளக்குகளின் வெப்பமும் ஈரமும் வெளியேற வைத்தவை அவை. இன்றும் கண்ணாடியில் நீர் பூக்காமல் காக்கின்றன. அடித்தடுப்பில் உள்ள வார்ப்பிரும்புச் சல்லடை நிலவறைக்குக் காற்று தருகிறது. வண்ணம் பூசிப் பூசி அதன் கண்கள் அடைபட்டுப்போன கடைகளில், கீழே ஓதம் ஏறியிருப்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

நல்ல நிலையில் இருக்கும் மாதிரி ஒன்றைப் பார்க்க விரும்பினால், லண்டன் நியூ ஆக்ஸ்ஃபோர்ட் ஸ்ட்ரீட் 53ஆம் எண்ணில் உள்ள ஜேம்ஸ் ஸ்மித் அண்ட் சன்ஸ் குடைக்கடைக்குச் செல்ல வேண்டும். 1830இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1857இல் இவ்விடத்துக்கு வந்தது. செயின்ட் கைல்ஸ் சேரிப்பகுதியைக் கிழித்து அந்தத் தெரு போடப்பட்டு அப்போது பத்தாண்டுகளே ஆகியிருந்தன. பித்தளையும், எழுத்துகள் நிறைந்த கண்ணாடிப் பலகைகளும், மரச் சட்டங்களும் ஒன்றையொன்று முந்தும் அந்த முகப்பில், உள்ளே என்ன கிடைக்கும் என்பதெல்லாம் வெளியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கத்தி ஒளித்த கைத்தடி விற்பனைக்கு உண்டு என்ற வாசகமும் அவற்றுள் ஒன்று. அத்தகைய தடிகளின் விற்பனை 1988இல் சட்டப்படி தடைசெய்யப்பட்டுவிட்டது. எழுத்தை மட்டும் யாரும் அழிக்கவில்லை. பழைய விளம்பர எழுத்தும் கட்டடத்தின் உறுப்பே என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

உங்கள் கடையில் இத்தனையும் வெளியே தெரியாமல் போகலாம். பிளாஸ்டிக் ஒளிப்பெட்டியை அசல் பலகையின் மேலேயே திருகி மாட்டுவது 1960களுக்குப் பின் பரவிய பழக்கம். பெட்டியின் கீழ்விளிம்பு வழியாகக் கைவிளக்கை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கிழக்கு லண்டனில் ஒரு மளிகைக்கடையில் நான் அப்படிப் பார்த்தபோது, ஒரு சாண் இடைவெளிக்குள், பழுப்பு வண்ணத்தின் மேல் பொன்தகடு ஒட்டிய எழுத்துகளின் அடிப்பகுதிகள் தெரிந்தன. ஒவ்வோர் எழுத்துக்கும் வலப்புறம் கருஞ்சிவப்பு நிழல் தீட்டப்பட்டிருந்தது. ஒளிப்பெட்டியின் திருகாணி ஒன்று சரியாக ஓர் எழுத்தின் நடுவில் இறங்கியிருந்தது. அதேபோல் உள்ளே தொங்கும் பொய்க்கூரைக்கு மேல், சன்னலின் மேற்பகுதிச் சிறு கண்ணாடிகளும் சுண்ணக் கொடுங்கையும் அப்படியே இருக்கலாம். ஒரு பலகையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; பெயர்க்கும் வேலை ஒப்புதலுக்குப் பின்.

வாசலின் முன் தரையில் பதித்த சிறுகல் ஓவியத்தில் முதல் வணிகரின் பெயர் இருந்தால் ஆய்வு எளிதாகிவிடும். கெல்லி நிறுவனம் வெளியிட்ட வணிகர் விவரத் தொகுப்புகளில் அந்தப் பெயரைத் தேடலாம். 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் மாடியில் யார்யார் குடியிருந்தார்கள் என்பதைப் பார்க்கலாம். காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சார்ல்ஸ் கோட் 1880களின் நடுவிலிருந்து தயாரித்த நகர வரைபடங்கள், சுவர் செங்கல்லா மரமா, கடையில் என்ன விற்றார்கள் என்பது வரை நிறமிட்டுக் காட்டுகின்றன.

வீட்டைத் தாங்கும் உத்தரம்

கட்டடத்தில் ஆபத்தான இடம் ஒன்று உண்டென்றால் அது பெயர்ப்பலகைக்குப் பின்னால்தான். கடைக்கு அகலமான கண்ணாடி வேண்டும். மேலே இரண்டு மூன்று தளச் செங்கல் சுவர் நிற்க வேண்டும். இவ்விரண்டையும் இணைப்பது முகப்பின் முழு அகலத்துக்கும் குறுக்கே கிடக்கும் பெரிய உத்தரம். ஆங்கிலத் தச்சர்கள் அதை பிரெஸ்ஸமர் என்பார்கள். பழைய கடைவீடுகளில் அது மரம். பின்னர் வந்தவற்றில் இரும்பு. பல கடைகளில் அதன் நடுவில் மெல்லிய வார்ப்பிரும்புத் தூண் ஒன்று முட்டுக்கொடுத்து நிற்கும்.

வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று முறியும். தூணாக நிற்கும்வரை அது நம்பகமானது. உத்தரமாகப் படுக்கும்போது கவலைக்குரியது. 1847இல் செஸ்டர் நகரில் டீ ஆற்றின் மேல் ராபர்ட் ஸ்டீஃபன்சன் வடிவமைத்த ரயில் பாலத்தின் வார்ப்பிரும்பு விட்டம் முறிந்து ஐந்து பேர் இறந்த பிறகுதான் இந்த வேறுபாடு பொறியாளர்களிடையே கூர்மையாக உணரப்பட்டது. கடைவீடு கட்டிய சிறு மேஸ்திரிகளிடம் அந்தச் செய்தி எப்போது போய்ச் சேர்ந்தது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்; ஆகவே கட்டிய ஆண்டை வைத்து உத்தரம் எதனால் ஆனது என்று ஊகிக்கக் கூடாது.

உத்தரத்தின் உடல்நிலையை வெளியிலிருந்தே ஓரளவு அறியலாம். முதல்தளச் சன்னல்களின் அடிக்கட்டைகள் கடையின் நடுவை நோக்கிச் சாய்கின்றனவா, சன்னல் மூலையிலிருந்து செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக விரிசல் இறங்குகிறதா, பெயர்ப்பலகையின் மேல்விளிம்பு நடுவில் தொய்ந்திருக்கிறதா, கடைக்கதவு திடீரென்று உரசத் தொடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய தொய்வு அஞ்சத்தக்கதல்ல. நூறாண்டுக்கு முன் தொய்ந்து அப்படியே நின்றுவிட்ட உத்தரங்கள் ஏராளம். விரிசலின் உள்முகம் அழுக்கேறி, வண்ணம் படிந்திருந்தால் பழையது. சுத்தமாகவும் கூராகவும் இருந்தால் புதியது. புதியது என்று தோன்றினால், பழைய கட்டடங்களில் அனுபவம் உள்ள அமைப்புப் பொறியாளரை அழைக்காமல் அடுத்த அடி எடுத்துவைக்கக் கூடாது. இடம் போதவில்லை என்று நடுத்தூணை எடுப்பது, குளிர்சாதனக் குழாய்க்காக உத்தரத்தில் துளையிடுவது, தூணில் இரும்புச் சட்டத்தைப் பற்றவைப்பது ஆகிய மூன்றையும் எவர் சொன்னாலும் செய்ய விடாதீர்கள்.

உள்ளே

கடைக்குள் நிலையாகப் பொருத்திய மேசை, இழுப்பறை வரிசை, கண்ணாடி அலமாரி எல்லாம் கட்டடத்தின் பகுதியாகவே கருதப்படக்கூடும். முந்தைய தொழிலை அவையே சொல்லும்: வழுவழுப்பான ஓடு பதித்த சுவரும் கூரையோரம் கொக்கிகள் மாட்டிய இரும்புத் தண்டும் இருந்தால் இறைச்சிக்கடை, பெயர் எழுதிய சிறு இழுப்பறைகள் வரிசையாக இருந்தால் மருந்துக்கடை.

வீட்டுக்கெனத் தனி வாசல் பெரும்பாலும் கடையின் பக்கத்தில் இருக்கும். அதன் வழியே நுழைந்ததும் தரையில் வடிவியல் கோலமாகப் பதித்த நிற ஓடுகளைக் காணலாம். ஸ்டோக் நகரின் மின்டன் போன்ற ஆலைகள் அவற்றை நாடெங்கும் அனுப்பின. படியேறும்போது சுவரடிப் பட்டியின் உயரத்தைக் கவனியுங்கள். முதல்தளத்து வரவேற்பறையில் அது உயரமாகவும் பல மடிப்புகளோடும் இருக்கும். மேலே போகப்போகக் குட்டையாகி, கூரையறையில் வெறும் பலகையாகிவிடும். கணப்பும் அவ்வாறே: கீழே பளிங்கு அல்லது பளிங்குபோல் வண்ணமிட்ட ஸ்லேட், மேலே சிறிய வார்ப்பிரும்பு. குடும்பத்துக்குள் யாருக்கு என்ன இடம் என்பதை மரமும் கல்லும் இப்படிக் காட்டுகின்றன. இந்தப் படிநிலை அறியாமல் வேலைக்காரர் அறையில் பளிங்குக் கணப்பை வாங்கிப் பொருத்துபவர்கள் உண்டு. காசுக்கும் கேடு, கட்டடத்துக்கும் பொய்.

படிக்கட்டுச் சுவரின் கீழ்ப்பாதியில் அழுத்தமான புடைப்புக் கோலம் இருந்தால், அது ஃப்ரெடரிக் வால்டன் 1877இல் உருவாக்கிய லின்க்ரஸ்டா என்ற புடைப்புச் சுவர்உறையாக இருக்கலாம். பல அடுக்கு வண்ணத்துக்கு அடியில் நன்றாகவே இருக்கும். ஆனால் எந்தப் பழைய வண்ணத்தையும் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. அதில் ஈயம் இருப்பதாகவே கொள்ள வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தத் தூசி பெருங்கேடு. பழைய பச்சைச் சுவர்த்தாள்களில் ஆர்சனிக் இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டில் சேர்த்த தடுப்புப் பலகைகளில் கல்நார் இருக்கிறதா என்பதைச் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

வேலையைத் தொடங்குதல்

வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது வைத்த கொள்கை, பழையதைப் போலப் புதிதாகச் செய்யாமல், உள்ளதைப் பழுதுபார் என்பது. இன்றைய ஒப்புதல் நடைமுறையும் பெரும்பாலும் அந்த வழியில்தான் சிந்திக்கிறது. அதே பொருளைக் கொண்டு, அதே முறையில், சிறிய அளவில் செய்யும் பழுதுபார்ப்புக்குப் பொதுவாக ஒப்புதல் தேவைப்படுவதில்லை. சன்னல் கயிற்றை மாற்றுவது, மக்கிய அடிக்கட்டையின் முனையை மட்டும் வெட்டிப் புது மரத்தை ஒட்டுப்போடுவது, உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்புச் சாந்து நிரப்புவது போன்றவை இவ்வகை. சாந்து வேலையை உறைபனிக் காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்பு மெல்லத்தான் இறுகும். சுவரை மணல் வீசிச் சுத்தம் செய்வதாக யாராவது முன்வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இரும்பு உருளைக் கதவு, உள்ளிருந்து ஒளிரும் பெயர்ப்பெட்டி, இரட்டைக் கண்ணாடிச் சன்னல், சமையல் புகைக்குழாய், உட்சுவரை இடித்தல் ஆகியவற்றுக்கு ஒப்புதல் கட்டாயம் தேவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் பலகைக்கு விளம்பர அனுமதியும் தனியாக வேண்டியிருக்கும். மறுப்பு வராத மாற்று வழிகள் பலவற்றுக்கும் உண்டு. வெளிக்கதவுக்குப் பதில் கண்ணாடிக்கு உட்புறம் கண்ணி போன்ற மடிப்புக் கதவு, ஒளிப்பெட்டிக்குப் பதில் மரப்பலகையில் கையால் எழுதி மேலிருந்து சிறு விளக்கு, சன்னலை மாற்றுவதற்குப் பதில் உட்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றைக் கவுன்சில் அதிகாரிகள் பொதுவாக எளிதில் ஏற்கிறார்கள். உணவகம் நடத்துபவருக்குப் புகைக்குழாய்தான் பெரிய தலைவலி. பின்சுவரில் பளபளக்கும் குழாயை ஏற்றுவதற்கு முன், பயனற்றுக் கிடக்கும் பழைய புகைவழி ஒன்றுக்குள் உறை இறக்கிப் பயன்படுத்த முடியுமா என்று நிபுணரிடம் கேளுங்கள். அகலம் போதுமானால் பலருக்கும் ஏற்புடைய தீர்வு அது.

விண்ணப்பத்துக்கு முன்னரே கவுன்சிலின் பாதுகாப்பு அலுவலரோடு பேசிவிடுவது நல்லது. பட்டியலிட்ட கட்டட ஒப்புதலுக்கு இங்கிலாந்தில் விண்ணப்பக் கட்டணம் இல்லை; முடிவுக்கு எட்டு வாரம் என்பது இலக்கு, நடைமுறையில் அதற்கு மேலும் ஆகலாம். வாடகை தொடங்கும் நாளை அதற்கேற்பப் பேசிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அந்த உறுப்பு எக்காலத்தது, ஏன் முக்கியம், உங்கள் மாற்றம் அதை எவ்வளவு தொடும் என்பதை விளக்க வேண்டியிருக்கும். மேலிருந்து கீழே படித்துச் சேர்த்த குறிப்புகளும் படங்களும் அங்கேதான் உதவும்.

குத்தகைக்கு எடுப்பவர் ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்புப் பொறுப்பு யாருடையது என்பதை வழக்கறிஞரைக் கொண்டு வரிவரியாகப் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் வணிகக் குத்தகைகள் பலவற்றில், கூரை முதல் நிலவறை வரை முழுப் பழுதும் குத்தகையாளர் தலையிலேயே விழும். கையெழுத்திடும் நாளில் கட்டடம் இருந்த நிலையைப் படங்களோடு பதிவுசெய்த அட்டவணையை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். அதைவிட மோசமாகாமல் பார்த்துக்கொள்வதே உங்கள் கடமை என்ற வரம்பையும் ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். ஏற்கெனவே செய்திருக்கும் மாற்றங்களுக்கான ஒப்புதல் ஆவணங்களை உரிமையாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். முன்பு பார்த்த ஒளிப்பெட்டிக்கும் பொய்க்கூரைக்கும் ஆவணம் இல்லை என்றால், அவற்றை அகற்றும் செலவு யாருடையது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.